இருட்டில் நின்ற முகங்கள்: கோலார் தங்கவயலும் குறையொளிப் படச் சான்றுகளும்

முன்னுரை

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதக் கல்வெட்டு, செப்பேடு, இலக்கியம், அரசு ஆவணம் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் ஒளிப்படமும் இவ்வரிசையில் இடம்பெற்றது. கல்வெட்டில் ஓர் எழுத்து சிதைந்திருந்தால் அது எதனால் சிதைந்தது, அங்கு எவ்வெழுத்து இருந்திருக்கக்கூடும் என்று ஆராய்கிறோம். ஒளிப்படத்திற்கு அத்தகைய ஆய்வை நாம் பெரும்பாலும் மேற்கொள்வதில்லை. படத்தில் இருப்பதைச் சான்றாக ஏற்கிறோம். படத்தில் வராமற் போனதைப் பற்றிக் கேள்வி எழுப்புவதில்லை.

கருநாடக மாநிலம் கோலார் மாவட்டத்துத் தங்கவயல் இக்கேள்வியை எழுப்புவதற்கு உரிய களமாகும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்த் தொழிலாளர்கள் பல தலைமுறைகளாக நிலத்தடியில் உழைத்த இடம் அது. அவ்வயலைக் காட்டும் பழைய படங்களில் நாம் வழக்கமாகக் காண்பன சுரங்கத்தலைக் கோபுரங்கள், ஆலைகள், புகைபோக்கிகள், அதிகாரிகளின் மாளிகைகள், வெயிலில் வரிசையாக நிற்கும் ஆட்கள் ஆகியனவே. சுரங்கத்தினுள் பணியாற்றும் தொழிலாளியின் முகமும், அவர் குடியிருந்த ஒற்றை அறையின் உட்புறமும் அரிதாகவே கிடைக்கின்றன. இவ்வின்மைக்குச் சமூகக் காரணங்கள் உண்டு என்பதில் ஐயமில்லை. அவற்றோடு படச்சுருள் காலத்துக் கேமராவின் இயல்பும் சேர்ந்து இயங்கியது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 'குறையொளி' என்னும் சொல் இங்கு, கேமராவைக் கையில் பிடித்தவாறு அசைவின்றிப் படமெடுப்பதற்குப் போதாத ஒளியைக் குறிக்கிறது.

பேத்தமங்களாவும் தங்கவயலும்

தங்கவயலிலிருந்து ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் பாலாற்றங்கரையில் அமைந்துள்ள ஊர் பேத்தமங்களா. விசயாதித்தமங்கலம் என்பது இதன் பழம்பெயர். பாணர், நொளம்பர் காலத் தொடர்புடைய இவ்வூரின் பேரேரி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தங்கவயலின் குடிநீர்த் தேவைக்காகப் பயன்படுத்தப்பட்டது. பேத்தமங்களா நீரேற்று நிலையத்திலிருந்து குழாய்வழியே சென்ற நீரே பெரிதும் வறண்ட அச்சுரங்கக் குடியிருப்புகளை வாழவைத்தது.

பாலாறு பேத்தமங்களாவைக் கடந்து வேலூர்ப் பகுதிக்குச் செல்கிறது. அப்பழைய வடஆர்க்காட்டு மாவட்டத்திலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் ஆற்றின் போக்கிற்கு எதிர்த்திசையில் வந்து குடியேறியவர்களே தங்கவயல் தொழிலாளருள் பெரும்பான்மையினர். அவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுதி. நிலமற்ற வேளாண் கூலிகளாக இருந்த இம்மக்கள், ஊர்க் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடும் வழியாகவும் சுரங்கப் பணியைக் கண்டனர்.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குப் பொறுப்பேற்றது முதல், மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கங்கள் பெருகின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ. ஆழத்தையும் கடந்து உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. 1956இல் மைசூர் அரசும், 1962இல் நடுவண் அரசும் இச்சுரங்கங்களை ஏற்றன. 2001 பிப்ரவரி 28 அன்று அவை மூடப்பட்டன.

ஒளிப்படக் கலைக்கும் இவ்வரலாற்றுக்கும் ஓர் அடிப்படைத் தொடர்பு உண்டு. படச்சுருளை உருத்துலக்குவதைத் தமிழில் 'படம் கழுவுதல்' என்றே வழங்குகிறோம். படமெடுக்க ஒளி வேண்டும். எடுத்த படத்தைக் கழுவ நீர் வேண்டும். தங்கவயலுக்கு நீர் பாலாற்றிலிருந்து வந்தது. மின்னொளி காவிரியிலிருந்து வந்தது. இவ்விரண்டும் தொழிலாளரிடம் எந்த அளவில் சென்று சேர்ந்தனவோ, அந்த அளவிலேயே அவர்களுடைய உருவமும் படமாகியிருக்க இயலும்.

குறையொளியின் கணக்கு

ஒளிப்படத்தில் இல்லாததை ஆராய்வதற்கு முன், கேமரா எவ்வளவு ஒளியை வேண்டியது என்பதை அறிதல் இன்றியமையாதது. படத்தின் ஒளிப்பேறு நான்கு கூறுகளைப் பொறுத்தது. அவை பொருளின்மீது விழும் ஒளி, லென்சின் துளை அளவு, ஷட்டர் திறந்திருக்கும் நேரம், படச்சுருளின் வேகம் என்பன. துளையின் அளவு 'எஃப்' எண்ணால் குறிக்கப்படும். எண் சிறிதாயின் துளை பெரிது. படச்சுருளின் வேகம் 100, 400 முதலிய எண்களால் குறிக்கப்படும். எண் பெரிதாயின் குறைந்த ஒளியே போதும்.

நடுப்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். 100 வேகமுள்ள படச்சுருளும் எஃப் 8 துளையும் கொண்டால், ஒரு நொடியில் அறுநூறில் ஒரு பங்கு நேரமே இவ்வெயிலில் படமெடுக்கப் போதும். இதே கேமராவை 40 வாட் குண்டு பல்பு ஒன்று மட்டும் எரியும் அறைக்குள் கொண்டுசெல்வோம். விளக்கிலிருந்து 2 மீட்டர் தொலைவில் அமர்ந்திருப்பவர்மீது ஏறத்தாழ 10 லக்ஸ் ஒளியே விழும். அவரைப் படமெடுக்க 16 நொடிகள் தேவை. மெழுகுவர்த்தி ஒன்றை ஒரு மீட்டர் தொலைவில் வைத்தால் கிடைக்கும் ஒளி ஒரு லக்ஸ். அதற்கு 160 நொடிகள் வேண்டும்.

இக்கணக்கும் தாராளமானதே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வழங்கிய கண்ணாடி உலர்தட்டுகளின் வேகத்தை இன்றைய அளவில் ஏறத்தாழ 10 எனக் கொண்டால், மெழுகுவர்த்தி ஒளியில் எஃப் 8 துளைக்கு 27 நிமிடங்களாகும். இதற்கும் மேலாக ஒரு சிக்கல் உண்டு. ஒளி மிகக் குறைந்து திறப்பு நேரம் நீளும்போது, வெள்ளி உப்புப் பூச்சு கணக்கிட்ட அளவுக்கு ஒளியை ஏற்பதில்லை. எனவே 160 நொடி எனக் கணக்கு காட்டினாலும், நடைமுறையில் அதனினும் நெடுநேரம் ஷட்டரைத் திறந்துவைக்க நேரிடும்.

கையில் பிடித்து எடுக்கும் எளிய பெட்டிக் கேமராவின் நிலையையும் நோக்கலாம். இதன் துளை பெரும்பாலும் எஃப் 8 அளவிலோ அதனினும் சிறியதாகவோ நிலையாக அமைந்திருக்கும். திறப்பு நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு. இதில் 100 வேகப் படச்சுருளை இட்டு எடுத்தால் குறைந்தது 5,000 லக்ஸ் ஒளி தேவைப்படும். வீட்டுத் திண்ணையில் பகல் நேரத்தில் இவ்வொளி கிடைக்கலாம். வாயிற்படியைத் தாண்டி உள்ளே சென்றால் கிடைக்காது. குடும்பப் படங்கள் வாசலிலும் கொல்லையிலும் எடுக்கப்பட்டமைக்கு வழக்கம் ஒரு காரணமாயின், இக்கணக்கு மற்றொரு காரணமாகும்.

குறையொளியை வெல்லும் வழிகளும் விலையோடு பிணைந்திருந்தன. 1924இல் ஜெர்மனியில் வெளிவந்த எர்மனாக்ஸ் கேமரா, எஃப் 2 துளையும் பின்னர் எஃப் 1.8 துளையும் கொண்ட லென்சால் விளக்கொளியில் படமெடுப்பதை இயல்வதாக்கியது. 1925இல் லைக்கா வந்தது. 1954இல் 35 மி.மீ. அளவில் டிரை-எக்ஸ் என்னும் விரைவுப் படச்சுருள் வந்தது. எஃப் 2.8 துளையும் 400 வேகமும் சேர்ந்தால், மேற்கூறிய 40 வாட் அறையில் 16 நொடி என்பது அரை நொடியாகக் குறைகிறது. கேமராவை மேசைமீதோ முக்காலிமீதோ நிறுத்தி, அமர்ந்திருப்பவரை மூச்சடக்கச் சொன்னால் படம் அமைந்துவிடும். ஆயினும் இத்தகைய லென்சுள்ள கேமரா சுரங்கத் தொழிலாளியின் கைக்கு எட்டும் பொருளன்று. எளியவர் வாங்கக்கூடிய கேமரா வெயிலை வேண்டியது. எளியவர் வாழ்ந்த அறையிலும் உழைத்த குகையிலும் வெயில் இல்லை.

சுரங்கத்துள் ஒளிப்படம்

நிலத்தடி இருளில் படமெடுக்கும் முயற்சிகள் ஒளிப்படக் கலையின் தொடக்கக் காலத்திலேயே தோன்றின. 1861இல் பாரிஸ் நகரத்து நிலத்தடி எலும்புக் கிடங்குகளை நாடார் என்னும் பிரெஞ்சுக் கலைஞர் மின்வில் விளக்கைக் கொண்டு படமெடுத்தார். ஒரு படத்திற்கு 18 நிமிடம் வரை ஆயிற்று. அவ்வளவு நேரம் அசையாமல் நிற்க இயலாதாகையால், தொழிலாளர்களுக்கு மாற்றாக உடையணிவித்த பொம்மைகளை நிறுத்தினார். உழைக்கும் மனிதனின் இடத்தில் பொம்மை நின்றது என்பது குறையொளிப் பட வரலாற்றின் தொடக்கத்திலேயே அமைந்த செய்தியாகும்.

அமெரிக்காவின் நெவாடா வெள்ளிச் சுரங்கங்களில் 1867-68ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் திமோதி ஓ'சல்லிவன் மக்னீசியத்தை எரித்துத் தொழிலாளரைப் படமெடுத்தார். மக்னீசியப் பொடியுடன் பிற வேதிப்பொருள்களைக் கலந்து நொடிப்பொழுதில் எரியும் ஒளிப்பொடியை 1887இல் ஜெர்மானியர்களான மீத்தேயும் கேடிக்கேயும் உருவாக்கினர். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த ஜே.சி. பர்ரோ, டால்கோத் முதலிய சுரங்கங்களுள் மக்னீசியத்தையும் சுண்ணாம்பு ஒளியையும் பயன்படுத்தி எடுத்த படங்கள் 1893இல் நூலாக வெளிவந்தன.

பர்ரோவின் படங்கள் தங்கவயல் ஆய்வுக்கு நெருக்கமானவை. கார்ன்வால் சுரங்கங்கள் நலிவுற்றபோது அங்கிருந்து புறப்பட்ட சுரங்க வல்லுநர் பலர் கோலாருக்கு மேற்பார்வையாளராக வந்தனர். அதாவது, தங்கவயலில் சுரங்கம் தோண்டும் நுட்பத்தைக் கொண்டுவந்த சமூகத்திற்குள்ளேயே சுரங்கத்துள் படமெடுக்கும் நுட்பமும் 1893இல் இருந்தது. தங்கவயலில் அந்நுட்பம் பரவலாகக் கையாளப்படாமைக்கு அறியாமையைக் காரணமாகக் கூற இயலாது. கார்ன்வால் சுரங்கத் தொழிலாளி தன் ஊர்க் கலைஞர் ஒருவரின் பார்வைக்கு உரியவராக இருந்தார். தங்கவயல் தமிழ்த் தொழிலாளிக்கு அவ்வாறு தம் ஊரிலிருந்து கேமராவுடன் கீழிறங்க ஒருவர் இல்லை என்பதே வேறுபாடு.

தொழில்நுட்பத் தடைகளும் சிறியவை அல்ல. மக்னீசியம் எரிந்தால் வெண்புகை எழும். காற்றோட்டம் குறைந்த குகையில் அப்புகை அடங்கும்வரை அடுத்த படத்தை எடுக்க இயலாது. தங்கவயலின் பெருஆழங்களில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசையும் கடந்தது. வெப்பமும் ஈரமும் மிக்க இடத்திற்கு மேலிருந்து கொண்டுசெல்லும் லென்சின்மீது நீராவி படியும். படச்சுருளின் பூச்சும் இளகும். இவை அனைத்தையும் மீறிப் படமெடுக்க வேண்டுமாயின், வேலையை நிறுத்தி ஆட்களை நிறுத்திவைக்கும் அதிகாரம் வேண்டும். அவ்வதிகாரம் நிர்வாகத்திடம் மட்டுமே இருந்தது. ஆகவே அக்காலச் சுரங்கத்துள் எடுக்கப்பட்ட எப்படமும் நிர்வாகத்தின் இசைவோடு நிறுத்தி எடுக்கப்பட்ட காட்சியே என்று கொள்ளுதல் பொருந்தும்.

தமிழகத்தில் இதற்கு முற்பட்ட ஓர் ஒப்புமை உண்டு. சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரையின் புது மண்டபத்தையும் திருமலை நாயக்கர் மகாலையும் படமெடுத்தார். தூண்களின் ஊடே சாய்ந்து வரும் பகலொளியைப் பயன்படுத்திய அப்படங்களில் சிற்பங்கள் துலக்கமாகத் தெரிகின்றன. மனிதர்கள் பெரும்பாலும் இல்லை. நெடுந்திறப்பு நேரத்தில் கல் நிலைத்தது. நடந்து சென்றவர் மறைந்தார்.

மின்னொளியும் லைன் வீடுகளும்

திவான் கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிடப்பட்ட சிவனசமுத்திர மின்நிலையத்திலிருந்து 1902ஆம் ஆண்டு சூன் திங்களில் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. ஏறத்தாழ 148 கி.மீ. நீண்ட அம்மின்தடம் அக்காலத்து உலகின் நீண்ட தடங்களுள் ஒன்று. பெங்களூர் நகரம் மின்னொளி பெற்றது 1905இல்தான். தலைநகருக்கு முன்னரே மின்சாரம் கண்ட ஊர் என்னும் பெருமை தங்கவயலுக்கு வாய்த்தது.

எனினும் அம்மின்சாரம் முதன்மையாக எந்திரங்களை இயக்கவே வந்தது. மின்விளக்கு ஒளிர்ந்த இடங்களையும் ஒளிராத இடங்களையும் பிரித்துக் காணுதல் வேண்டும். பாறையைக் குடையும் இடத்தில் தொழிலாளி தன் ஒளியைத் தானே சுமந்தார். உலகின் தங்கச் சுரங்கங்களில் முதலில் மெழுகுவர்த்தியும், பின் கார்பைடு விளக்கும், அதன்பின் தலையில் அணியும் மின்விளக்கும் வழங்கின. இவற்றின் ஒளி பாறைமீது விழும். சுமப்பவரின் முகம் விளக்குக்குப் பின்னால் இருளில் நிற்கும். தலைவிளக்கு அணிந்த ஒருவரை எதிரிலிருந்து படமெடுத்தால் விளக்கு வெண்பொட்டாகப் பதியும், முகம் பதியாது. அவர் முகத்தைக் காட்ட வேண்டுமாயின் எதிரில் நிற்கும் மற்றொரு தொழிலாளியின் விளக்கு அவர்மீது படவேண்டும்.

குடியிருப்பின் நிலையும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. மூங்கில் தட்டிகளால் அமைந்த ஒற்றை அறைக் குடிசைகளும் பின்னர் எழுந்த லைன் வீடுகளும் தொழிலாளர்க்குரியவை. சிறு கதவும் சிறு சன்னலும் உள்ள அறையில் பகலிலும் குறையொளியே. அதிகாரிகளின் மாளிகைகளில் அகன்ற தாழ்வாரமும் கண்ணாடிச் சன்னல்களும் இருந்தன. வீட்டின் அமைப்பே ஒருவருக்கு உட்புறப் படத்தை இயல்வதாக்கி, மற்றவருக்கு அதனை மறுத்தது.

எனவே தொழிலாளர் குடும்பங்கள் படமெடுக்க நாடிய இடங்கள் இரண்டு. ஒன்று, கடைத்தெருவின் ஸ்டுடியோ. அங்குத் திரையும் நாற்காலியும் பூச்சாடியும் உண்டு, விளக்குகளும் உண்டு. மற்றொன்று, வெட்டவெளி. திருமணம், காதணி விழா, தொழிற்சங்கக் கூட்டம் ஆகியன பந்தலின் விளிம்பிலோ தெருவிலோ படமாயின. இவ்விரு வகைப் படங்களிலும் தொழிலாளி தன் உழைப்பிடத்தை விட்டு விலகி, நல்லாடை உடுத்தி நிற்கிறார். அது பொய்த்தோற்றமன்று, தன்னை எவ்வாறு நினைவுகூர வேண்டும் என்று அவரே தேர்ந்த தோற்றம். ஊரில் மறுக்கப்பட்ட மதிப்பை ஸ்டுடியோ நாற்காலியில் அமர்ந்து அவர் பெற்றார் எனலாம். ஆயினும் வரலாற்று ஆய்வாளர்க்கு அப்படம் வாழ்வின் ஒரு பாதியையே தருகிறது.

தமிழகத்தில் வழங்கிய மற்றொரு மரபும் இங்குக் கருதத்தக்கது. இறந்தவரை நாற்காலியில் அமர்த்தி, மாலையிட்டு, சுற்றத்தார் சூழப் படமெடுப்பது அவ்வழக்கம். பல குடும்பங்களில் ஒருவரது ஒரே படம் அதுவாகவே அமைந்தது. குறையொளியில் நெடுநேரம் ஷட்டரைத் திறந்து எடுக்கும்போது உயிருடன் இருப்பவர் சிறிது அசைவர். அவர்கள் முகம் மங்கும். இறந்தவர் முகம் மட்டும் துல்லியமாகப் பதியும்.

இருளையே கருவியாக்கிய ஆய்வு

தங்கவயலின் ஆழ்ந்த இருளில் திட்டமிட்ட முறையில் படச்சுருள் பயன்பட்ட நிகழ்வு ஒன்று உண்டு. அது உலக அறிவியல் வரலாற்றில் இடம்பெற்றது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பி.வி. ஸ்ரீகண்டன், ஹோமி பாபாவின் தூண்டுதலால் 1951இல் தங்கவயல் சுரங்கங்களில் அண்டக்கதிர் அளவீடுகளைத் தொடங்கினார். ஆழம் கூடக் கூடக் கதிர்களின் எண்ணிக்கை குறைந்தது. 1960களின் தொடக்கத்தில் மிகுந்த ஆழத்தில் இரு திங்கள் அளவிற்குக் காத்திருந்தும் ஒரு துகளும் பதிவாகவில்லை. அவ்வளவு அமைதியான இடமே நியூட்ரினோ என்னும் அரிய துகளைத் தேடுவதற்கு ஏற்றது என அறிவியலாளர் கருதினர்.

டாடா நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் இணைந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவின. அக்கருவிகளில் ஒளிர்பொருள் தகடுகளும், நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழல்களின் அடுக்குகளும் இருந்தன. குழல்களைப் பயன்படுத்தும் இம்முறையின் இயக்கம் எளியது. துகள் ஒன்று கடந்து சென்றதும் தகடுகள் அதனை உணர்த்தும். உடனே குழல்களுக்கு உயர்மின்னழுத்தம் செலுத்தப்படும். துகள் சென்ற வழியில் உள்ள குழல்கள் மட்டும் ஒளிரும். அவ்வொளிப் புள்ளிகளின் வரிசையைக் கேமரா பதிவு செய்யும்.

ஒளிப்பட நோக்கில் இது குறையொளிப் படத்தின் எல்லை நிலை. பிற இடங்களில் இருள் தடையாக இருந்தது. இங்கு இருளே தேவையாயிற்று. வேற்றொளி இல்லாத இடத்தில் காத்திருக்கும் படச்சுருளில், பொருள் தானே உண்டாக்கும் ஒளி மட்டும் பதிகிறது. 1965இல் இக்குழுவினர் வளிமண்டல நியூட்ரினோவால் தோன்றிய துகள்களைக் கண்டறிந்து வெளியிட்டனர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ஃபிரடெரிக் ரெய்ன்ஸ் குழுவினரும் இதனைக் கண்டறிந்தனர்.

இவ்வெற்றி பெருமைக்குரியது. அதே வேளையில் அது ஒரு வேறுபாட்டையும் காட்டுகிறது. 2,300 மீட்டர் ஆழத்திற்குக் கேமராவைக் கொண்டுசெல்லவும், படச்சுருளைப் பழுதின்றிக் காக்கவும், அங்கேயே தொடர்ந்து படமெடுக்கவும் இயலும் என்பது 1960களில் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. அக்குகைகளை வெட்டித் தந்தவர்கள் சுரங்கத் தொழிலாளர். துகளின் தடம் படமான சுரங்கத்தில், அதனைத் தோண்டியவரின் முகத்தைப் பதிவு செய்யும் திட்டம் எதுவும் அவ்வளவு முனைப்போடு வகுக்கப்படவில்லை.

விரல்ரேகையும் எக்ஸ்ரேயும்

தொழிலாளியின் உருவம் பதிவாகவே இல்லை என்று கூறுதல் முழு உண்மையாகாது. வேறு இரு வகையில் அவர் உடல் பதிவாயிற்று.

முதலாவது விரல்ரேகை. தங்கத் திருட்டைத் தடுக்க 1897ஆம் ஆண்டின் மைசூர்ச் சுரங்கச் சட்டம் முதலாகக் கண்காணிப்பு முறைகள் கடுமையாயின. தொழிலாளரின் விரல்ரேகையைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை எதிர்த்து 1930இல் தங்கவயலில் பெரும் வேலைநிறுத்தம் நடைபெற்றது. தம்மைக் குற்றவாளியரைப் போலப் பதிவு செய்வதைத் தொழிலாளர் ஏற்கவில்லை. உருவப் பதிவு என்பது நடுநிலையான செயலன்று, அதைச் செய்பவரின் நோக்கம் அதில் அடங்கியுள்ளது என்பதை அவர்கள் ஆய்வாளர்க்கு முன்னரே உணர்ந்திருந்தனர்.

இரண்டாவது எக்ஸ்ரே. பாறைத் துகளை ஆண்டுக்கணக்கில் உள்ளிழுப்பதால் நுரையீரலில் தோன்றும் சிலிக்கோசிஸ் நோய்பற்றி இந்தியாவில் நிகழ்ந்த தொடக்கக்கால ஆய்வுகளுள் முதன்மையானவை 1940களில் தங்கவயலில் நடைபெற்றவை. இந்நோயை உறுதிசெய்வதற்கு நெஞ்சின் எக்ஸ்ரே படம் இன்றியமையாதது. எக்ஸ்ரே படமும் வெள்ளி உப்புப் பூசிய படச்சுருளே. அதுவும் இருட்டறையில் கழுவப்படுவதே. சுரங்கத்தினுள் தொழிலாளி எவ்வாறு பணிசெய்தார் என்பதற்கான படம் அவருடைய நெஞ்சுக்குள் இருந்தது எனக் கூறின் மிகையன்று. பாறைத்துகள் படிந்த நுரையீரலின் வெண்புள்ளிகள் அவரது பணியாண்டுகளின் பதிவாகும்.

கண்காணிப்புக்கு விரல்ரேகை, நோயறிதலுக்கு எக்ஸ்ரே, அறிவியலுக்குத் துகளின் தடம் என மூன்று பதிவுகளும் அமைந்தன. உழைக்கும் மனிதரை அவர் பொருட்டே காட்டும் நான்காவது பதிவு மட்டும் மிக அரிது.

குறையொளிப் படத்தைப் படிக்கும் முறை

எஞ்சியுள்ள படங்களை ஆய்வாளர் எவ்வாறு அணுக வேண்டும் என்பதற்குச் சில நெறிகளை முன்வைக்கலாம்.

முதலாவது, ஒளியின் திசையை நோக்குதல். சுரங்கக் காட்சியில் நிழல்கள் அனைத்தும் கேமராவுக்கு எதிர்ப்புறமாகக் கூர்மையாக விழுந்திருந்தால், அப்படம் ஒளிப்பொடியிலோ பிளாஷ் பல்பிலோ எடுக்கப்பட்டது. பிளாஷ் பல்பு 1929இல் விற்பனைக்கு வந்தமையால், படத்தின் காலத்தைக் கணிக்கவும் இது உதவும். அத்தகைய படத்தில் காணும் வெளிச்சம் தொழிலாளி கண்ட வெளிச்சமன்று. அவர் பணியாற்றியது அதனினும் பன்மடங்கு இருண்ட இடத்தில்.

இரண்டாவது, அசைவை நோக்குதல். கையோ கருவியோ மங்கியும் முகம் துலங்கியும் இருந்தால், அவர் பணிசெய்வதுபோல் நிறுத்தப்பட்டார் எனக் கருதலாம். எல்லாமே துலக்கமாக இருந்து, ஒளிப்பொடியின் தடயமும் இல்லையெனில், அனைவரும் பல நொடிகள் அசைவற்று நின்றனர் என்பது பொருள். அந்நிற்றலுக்கு ஆணையிட்டவர் யார் என்பது அடுத்த வினா.

மூன்றாவது, நிற்கும் இடத்தை நோக்குதல். சன்னலருகே, வாயிற்படியில், தாழ்வாரத்தில் என ஒளியுள்ள இடத்தை நிரப்பியவர் யார், ஒளி குறைந்த பின்வரிசையில் நின்றவர் யார் என்பது அக்குழுவின் படிநிலையை உணர்த்தக்கூடும்.

நான்காவது, எதிர்படிமத்தைத் தேடுதல். அச்சிட்ட படத்தில் கருத்துப்போன பகுதியில் எதிர்படிமத்தில் விவரம் எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. இன்றைய எண்மப் படியெடுப்புக் கருவிகளால் அவ்விவரத்தை ஓரளவு மீட்கலாம். எனவே குடும்பங்களிடமும் மூடப்பட்ட ஸ்டுடியோக்களிலும் எஞ்சியுள்ள எதிர்படிமங்கள் அச்சுப் படங்களைவிட மதிப்புடையவை. ஈரமும் பூஞ்சையும் அவற்றை அழித்துவருகின்றன. கழுவும்போது படிந்த வேதிப்பொருள் முற்றிலும் நீங்காத படங்கள் மஞ்சள் படிந்து மங்கிவிடும். போதிய நீரில் கழுவிய படமே நிலைக்கும் என்பதால், நீர் அரிதான ஊரின் படங்களுக்கு இவ்வாய்வு கூடுதலாக வேண்டப்படுவதாகும்.

முடிவுரை

தமிழில் இக்கலையின் விளைபொருளுக்குப் புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று பெயர்கள் வழங்குகின்றன. தங்கவயலைப் பொறுத்தவரை மூன்றும் தனித்தனியே பொருள் தருகின்றன. மக்னீசியப் புகையிடையே நிர்வாகம் நிறுத்தி எடுத்தவை ஒருவகை. விளக்கின் பின்னால் நிழலாக மறைந்த முகங்கள் ஒருவகை. வெட்டவெளியிலும் ஸ்டுடியோவிலும் மக்கள் தாமே தேர்ந்து நின்றவை ஒருவகை.

இக்கட்டுரையில் கண்டவற்றால், தங்கவயல் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பிடப் படங்கள் அரிதாக இருப்பது தற்செயலன்று என்பது புலனாகிறது. மெதுவான படத்தட்டு, சிறிய துளை, ஒற்றை அறை, சுமந்துசென்ற விளக்கு, படமெடுக்க இசைவளிக்கும் அதிகாரம் ஆகிய அனைத்தும் ஒரே திசையில் இயங்கின. தொழில்நுட்பத் தடை நீங்கிய பின்னரும் அவ்விடைவெளி நிரப்பப்படவில்லை என்பதற்கு 1965ஆம் ஆண்டின் நியூட்ரினோ ஆய்வு சான்றாகிறது.

அவ்விடைவெளியை இன்று திரைப்படம் நிரப்பி வருகிறது. 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் வந்த 'கே.ஜி.எஃப்.' படங்களும், 2024இல் வந்த 'தங்கலான்' படமும் தங்கவயலைப் பற்றிய காட்சிகளை மக்கள் மனத்தில் பதித்துள்ளன. புனைவுக்கு அவ்வுரிமை உண்டு. எனினும் மெய்ப்படங்கள் அழிந்தபின் புனைவே நினைவாக நிலைத்துவிடும் நிலை தோன்றலாகாது. சுரங்கத்தில் இறங்கிப் பணியாற்றிய இறுதித் தலைமுறையினர் நம்மிடையே உள்ளனர். அவர்களிடமுள்ள படங்களையும் எதிர்படிமங்களையும் தொகுப்பதோடு, படமாகாத இடங்களைப் பற்றி அவர்தம் வாய்மொழியையும் ஒருங்கே பதிவு செய்தல் வேண்டும். ஒவ்வொரு படத்தையும் அவர்கள் முன் வைத்து, இதில் வராதது எது என்று கேட்பதிலிருந்து அப்பணி தொடங்கலாம். பேத்தமங்களாவின் நீரைக் குடித்து, காவிரியின் மின்சாரத்திற்கு அருகிருந்தும் இருளில் உழைத்தவர்களுக்குத் தமிழாய்வுலகம் ஆற்றவேண்டிய கடன் அது.